தளை தட்டாமல் வளர்வது

ரமணர் 1928-இல் எழுதிய ‘உள்ளது நாற்பது’ இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்றில் நாற்பது வெண்பாவும், அவற்றுக்கு முன்னால் இரண்டு மங்கல வெண்பாவும் தனித்தனியாக நிற்கின்றன. இன்னொன்றில் அதே வெண்பாக்கள் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு ஒரே நீண்ட பாட்டாக ஓடுகின்றன. அதற்கு ‘உபதேசக் கலிவெண்பா’ என்று பெயர். முதல் வடிவத்தைத் தத்துவத்துக்காகப் படிப்பவர்கள் ஏராளம். இரண்டாவதை அதன் கைவேலைக்காகப் படிப்பவர்கள் குறைவு. மெமரியோடு மல்லுக்கட்டிப் பிழைப்பு நடத்தும் புரோகிராமர் ஒருவர் படித்தால், அதில் தன் தொழிலின் நுட்பமான சிக்கல் ஒன்று சுத்தமாகத் தீர்க்கப்பட்டிருப்பதைப் பார்ப்பார். ஏற்கெனவே முடிந்துபோன ஒரு வரிசையை, முடிவைப் பிரித்து, அடுத்ததோடு சேர்த்து, சேர்த்த இடம் தெரியாமல் நீட்டுவது எப்படி என்பதுதான் அந்தச் சிக்கல்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ரமணாசிரமம் இருக்கும் செங்கம் சாலையில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில் யாராவது அத்வைதத்துக்கும் குவாண்டம் இயற்பியலுக்கும் முடிச்சுப் போட்டுக் காட்டிவிடுவார்கள். அந்த வரிசையில் சேரும் கட்டுரை அல்ல இது. ரமணருக்கு அல்காரிதம் தெரியும் என்றோ, யாப்பிலக்கண நூலான யாப்பருங்கலக்காரிகைதான் உலகின் முதல் கம்பைலர் என்றோ நான் சொல்லப்போவதில்லை. வரிசையை வளர்க்கும்போது ஒட்டும் இடத்தில் என்ன நடக்கிறது என்பது இரண்டு தொழிலுக்கும் பொதுவான கவலை. எனக்குப் பிடித்தது அந்த ஒட்டும் இடம்.

கம்ப்யூட்டரின் மெமரி என்பது எண்ணிட்ட கட்டங்களின் நீண்ட வரிசை. ஒரு கட்டம் ஒரு பைட். நான்கு பைட் பிடிக்கும் எண்களை அர்ரேயாக அடுக்கினால் அவை இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்கும். முதல் எண் 1000-ஆம் கட்டத்தில் தொடங்கினால், ஏழாவது எண் 1024-இல் இருக்கும். ஆறை நாலால் பெருக்கி ஆயிரத்தோடு கூட்டினால் போதும். பத்து லட்சமாவது எண்ணுக்கும் இதே ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும்தான். தேட வேண்டியதில்லை, ஒவ்வொன்றாகத் தாண்டிப்போக வேண்டியதும் இல்லை. இந்த வேகம் முழுக்க, இடைவெளி விடாமல் நிற்கவேண்டும் என்ற ஒரே நிபந்தனையிலிருந்து வருகிறது. அர்ரே வளரும்போது இடைஞ்சல் செய்வதும் அதே நிபந்தனைதான்.

மார்கழி, தை மாதங்களில் ரமணாசிரமத்தைச் சுற்றி அறை தேடி அலைந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். மூன்று அறை பக்கத்துப் பக்கத்தில் எடுத்துத் தங்கியிருக்கும் குடும்பத்துக்கு நாலாவதாக ஓர் அறை வேண்டியிருக்கிறது. அடுத்த அறையில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் சீசன் முழுக்க முன்பணம் கட்டி உட்கார்ந்துவிட்டார். நாலும் சேர்ந்தாற்போலத்தான் இருக்கவேண்டும் என்று வீட்டுப் பெரியவர் பிடிவாதம் பிடித்தால், எல்லாரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு விடுதிக்குப் போகவேண்டியதுதான். பழைய அறை எண்ணை எழுதி வைத்திருக்கும் உறவினர் வந்து கதவைத் தட்டினால் யாரோ திறப்பார்கள்.

சி மொழியில் இந்த மூட்டை தூக்கும் வேலைக்கு ரீஆலாக் என்று பெயர். டென்னிஸ் ரிச்சி 1970-களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் உருவாக்கிய மொழி அது. மாலாக்கிடம் இவ்வளவு பைட் வேண்டும் என்று கேட்டால் ஒரு விலாசம் கிடைக்கும். போதவில்லை என்றால் ரீஆலாக்கிடம் கேட்கவேண்டும். பக்கத்தில் இடம் இருந்தால் அங்கேயே நீட்டித் தரும். இல்லாவிட்டால் வேறிடம் பார்த்து, எல்லாவற்றையும் நகலெடுத்து, பழைய இடத்தைக் காலி செய்து, புது விலாசத்தைத் தரும். பழைய விலாசம் வேறு எங்காவது ஒரு பாயிண்டரில் பதிந்து கிடந்தால் அதை மாற்ற வேண்டியது நம் பொறுப்பு. மாற்றாவிட்டால் உடனே எதுவும் வெடிக்காது என்பதுதான் இதில் கொடுமை. பழைய இடத்தில் பழைய எண்ணே இன்னும் அழியாமல் இருக்கலாம். நிரல் ஒழுங்காக ஓடுவதுபோலவே இருக்கும். வேறு யாராவது அங்கே குடியேறிய பிறகுதான் கூத்து.

மூட்டை தூக்குவதற்கு எவ்வளவு செலவு? ஒவ்வொரு புது எண்ணுக்கும் ஓரிடம் மட்டும் கூட்டிக்கொண்டு போனால், ஆயிரம் எண்களைச் சேர்ப்பதற்குள் மோசமான நிலையில் 4,99,500 முறை நகலெடுத்திருப்போம். இடம் நிரம்பும்போதெல்லாம் இரட்டிப்பாகக் கேட்டால் நகல்கள் வெறும் 1,023. இரட்டிப்பதில் பாதி இடம் வீணாகலாம். ஆனால் சேர்ப்பின் சராசரிச் செலவு வரிசை எவ்வளவு நீண்டாலும் ஏறுவதில்லை. சி++ மொழியின் வளரும் அர்ரேயான வெக்டரை குனூ நூலகம் இரண்டு மடங்காக வளர்க்கிறது; மைக்ரோசாப்ட் நூலகம் ஒன்றரை மடங்காக வளர்க்கிறது. இந்த ஒன்றரைக்குப் பின்னால் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. இரட்டித்துக்கொண்டே போனால், இதுவரை விட்டுவந்த இடங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் அடுத்த தேவைக்குப் போதாது. 1, 2, 4 என்று கூட்டிக்கொண்டே போனால் கூட்டுத்தொகை எப்போதும் அடுத்த எண்ணுக்கு ஒன்று குறைவாகவே நிற்கும். ஒன்றரை மடங்கானால் சில தடவைகளுக்குப் பிறகு பழைய இடங்கள் சேர்ந்து புதியதற்குப் போதுமானதாகிவிடும். வேகம் மட்டும் பேசும் ஆட்களுக்கு இரண்டு பிடிக்கும். எனக்கு ஒன்றரை பிடிக்கும்.

நீளத்தை முன்கூட்டியே கட்டிப்போடுவது இன்னொரு மரபு. தமிழில் நாற்பது என்ற அளவு அப்படிப்பட்டது. பதினெண்கீழ்க்கணக்கிலேயே கார் நாற்பது, களவழி நாற்பது, இன்னா நாற்பது, இனியவை நாற்பது என்று நான்கு நூல்கள் இருக்கின்றன. ‘உள்ளது நாற்பது’ அந்தப் பெட்டியில் அமர்ந்தது. அது உருவான விதம் சுவையானது. தமிழாசிரியரும் கவிஞருமான முருகனார் 1923-இல் ரமணரிடம் வந்து சேர்ந்தவர். ரமணர் அவ்வப்போது எழுதிவைத்திருந்த உதிரி வெண்பாக்களைத் திரட்டி, உண்மையின் இயல்பை முறையாகச் சொல்லும் ஒரு நூலாக்கித் தரும்படி கேட்டவர் அவர்தான். வேலை தொடங்கியதும் ரமணர் புதிய வெண்பாக்களை எழுத, பழையவை ஒவ்வொன்றாக இடம் இழந்தன. பெட்டியின் கொள்ளளவு நாற்பது. புதிதாக ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போயாகவேண்டும். முதலில் திரட்டியவற்றில் பெரும்பாலானவை வெளியே வந்துவிட்டன. வந்தவற்றைத் தூக்கி எறியவில்லை, ‘அனுபந்தம்’ என்று தனியாக வைத்தார்கள். அந்த அனுபந்தத்துக்கு முதலில் அளவு எதுவும் இல்லை. வடமொழிச் சுலோகங்களின் தமிழாக்கங்களும் சேரச் சேர அதுவும் வளர்ந்து கடைசியில் நாற்பதில் வந்து நின்றது. மூலநூல் அளவு மாறாத அர்ரே. அனுபந்தம் வளரும் அர்ரே. இரண்டும் ஒரே எண்ணில் முடிந்தது தற்செயலா, மரபின் இழுப்பா என்று யோசித்தால், இழுப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதுவரை பேசியது இடத்தைப் பற்றி. இடம் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது, அங்கே வந்து உட்காருவது எந்த இனம் என்பதையும் பார்க்கவேண்டும். வெண்பா எழுதிப் பழகியவர்களுக்கு இது கைவந்த கலை. மாச்சீருக்கு அடுத்து நிரையசையில் தொடங்கும் சீர்தான் வரலாம். விளச்சீருக்கும் காய்ச்சீருக்கும் அடுத்து நேரசைதான் வரலாம். ஒரு சீரின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் இப்படிப் பொருந்தும் கட்டுதான் தளை. வேறு எது வந்தாலும் தளை தட்டும். சும்மா ஒரு வரி கட்டிப் பார்ப்போம்: ‘மலையை வலம்வந்த கால்கள் வலிக்கும்’. மலையை, புளிமா, அடுத்து நிரை வேண்டும், ‘வலம்’ நிரை. வலம்வந்த, புளிமாங்காய், அடுத்து நேர் வேண்டும், ‘கால்’ நேர். கால்கள், தேமா, அடுத்து நிரை, ‘வலிக்’ நிரை. வரி நிற்கிறது. இப்போது ‘வலம்வந்த’ என்பதை எடுத்துவிட்டு ‘சுற்றிவந்த’ என்று போடுங்கள். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் போனவருக்கு இரண்டும் ஒன்றுதான். கால் அதே மாதிரிதான் வலிக்கும். ஆனால் ‘சுற்’ நேரசை. மா முன் நேர் வந்து, வெண்டளை போய் ஆசிரியத்தளை புகுந்துவிட்டது. பொருள் ஒத்துப்போனாலும் இனம் ஒத்துப்போகவில்லை.

டைப் மிஸ்மேட்ச் என்று புரோகிராமர்கள் நாள்தோறும் முணுமுணுப்பது இதைத்தான். நாலு என்ற முழு எண்ணும், நாலு புள்ளி பூஜ்யம் என்ற தசம எண்ணும் கணக்கு வாத்தியாருக்கு ஒன்று. மெமரியில் அவற்றின் பிட்கள் வேறு வேறு. சி மொழி இந்த விஷயத்தில் வாய் திறக்காது. இனம் மாறி வந்தால் தானாகவே ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொண்டு போய்விடும். குறியுள்ள எண்ணையும் குறியில்லாத எண்ணையும் ஒப்பிடச் சொன்னால், −1 என்பது 1-ஐவிடப் பெரியது என்று கூசாமல் சொல்லும். ஏனென்றால் குறியில்லாத இனத்துக்கு மாறும்போது அந்த −1, 429,49,67,295 ஆகிவிடுகிறது.

இடம் கேட்கும்போதே இப்படி நடந்தால் இன்னும் விபரீதம். 32 பிட் இயந்திரத்தில், எண் ஒன்றுக்கு நாலு பைட் வீதம் 107,37,41,825 எண்களுக்கு இடம் வேண்டும் என்று பெருக்கிக் கேட்கிறோம் என்று வையுங்கள். விடை 429,49,67,300. ஆனால் 32 பிட்டில் அடங்கும் எண்கள் 429,49,67,295 வரைதான். அதைத் தாண்டியது சுழன்று மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கி, 4 என்று நிற்கும். மாலாக்கின் காதில் விழுவது நாலு பைட். நாலு பைட்டைச் சிரித்த முகத்தோடு கொடுத்துவிடும். நூறு கோடிக்கும் மேற்பட்ட எண்களுக்கு இடம் இருக்கிறது என்று நம்பி நிரல் எழுதத் தொடங்கும். எத்தனையோ பாதுகாப்பு ஓட்டைகள் இந்த ஒரு பெருக்கலில் பிறந்திருக்கின்றன. எண்ணிக்கையையும் அளவையும் தனித்தனியாக வாங்கிக்கொள்ளும் காலாக், பெருக்கல் எல்லை மீறுகிறதா என்று தானே பார்த்துக்கொள்ளும். அதனால் அதை நான் எப்போதும் கொஞ்சம் கூடுதல் மரியாதையோடு பார்ப்பேன்.

மொழி கண்டிப்பாக இருந்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து கிளம்பிய முதல் ஏரியான் 5 ராக்கெட், ஒரு நிமிடம் முடிவதற்குள் வானத்தில் சிதறியது. அதன் திசைகாட்டும் மென்பொருள் ஏடா மொழியில் எழுதப்பட்டது. இனம் பார்ப்பதில் அது கறாரான மொழி. 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் மதிப்பு 32,767-ஐத் தாண்டிவிட்டது. பழைய ஏரியான் 4-இன் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வர வழியில்லை. ஏரியான் 5 வேறு பாதையில், வேறு வேகத்தில் போயிற்று. மாற்றும் இடத்தில் காவல் வேண்டாம் என்று மனிதர்கள் முடிவு செய்திருந்தார்கள். தளை தட்டியது மொழிக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகு என்ன செய்வது என்றுதான் யாரும் யோசித்திருக்கவில்லை.

இனத்தைக் கறாராகப் பார்ப்பதிலும் ஓர் எல்லை உண்டு. நிக்லாஸ் விர்த் 1970-இல் வெளியிட்ட பாஸ்கல் மொழியில் அர்ரேயின் நீளமும் அதன் இனத்தில் ஒரு பகுதி. பத்து எண்கள் கொண்ட அர்ரே ஓர் இனம். இருபது கொண்டது வேறு இனம். ஆகவே பத்து எண்களை வரிசைப்படுத்த எழுதிய நிரலிடம் இருபதைக் கொடுத்தால் வாங்காது. பெல் லேப்ஸின் பிரையன் கெர்னிகன் 1981-இல் பாஸ்கல் தனக்கு ஏன் பிடிக்கவில்லை என்று எழுதியபோது, முதன்மையான குறையாகச் சொன்னது இதைத்தான். சி இதற்கு நேர் எதிர். அர்ரேயை ஒரு செயல்கூற்றிடம் கொடுத்த அடுத்த கணமே அது வெறும் விலாசமாகிவிடும், நீளம் மறந்துபோகும். பாஸ்கல் நீளத்தை விடவே மாட்டேன் என்றது. சி நீளமா, அது என்ன என்று கேட்டது.

யாப்பு இந்த இடத்தில் எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டடியானால் குறள் வெண்பா, மூன்றானால் சிந்தியல், நான்கானால் நேரிசை அல்லது இன்னிசை, ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை பஃறொடை, அதற்கு மேல் கலிவெண்பா. நீளத்துக்கு ஏற்பப் பெயர் மாறுகிறது. ஆனால் மா முன் நிரை என்ற விதி எந்த நீளத்திலும் மாறுவதில்லை. குறளைச் சரிபார்க்கத் தெரிந்தவர் கலிவெண்பாவையும் சரிபார்க்கலாம். நீளம் தெரிந்தே இருக்கிறது. ஆனால் அது விதியைக் கட்டிப்போடவில்லை. உள்ளே போகும் மொழியையும் யாப்பு கட்டிப்போடவில்லை போலும்: 1947-இல் ரமணர் ‘ஏகான்ம பஞ்சக’த்தை முதலில் தெலுங்கில் எழுதினார், அதுவும் தமிழ் வெண்பா யாப்பில். பிறகுதான் அதைத் தமிழாக்கினார்.

நீளம் தெரிந்தும் விதி அதற்குக் கட்டுப்படாத இந்தச் சமநிலைக்குப் புரோகிராமிங் உலகம் வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. 2015-இல் முதல் நிலையான பதிப்பு வந்த ரஸ்ட் மொழியில் மூன்று ஏற்பாடுகள் இருக்கின்றன. நீளம் இனத்திலேயே பதிந்த அர்ரே ஒன்று, பாஸ்கலின் வாரிசு; நாலு எண்ணும் ஐந்து எண்ணும் இங்கேயும் வேறு வேறு இனம்தான். வளரும் அர்ரேக்கு வெக் என்று பெயர். அதன் கைப்பிடி மூன்றே சொற்கள்: சரக்கு எங்கே, இப்போது எத்தனை, எத்தனைக்கு இடம் இருக்கிறது. 64 பிட் இயந்திரத்தில் மொத்தம் 24 பைட். மூன்றாவதான ஸ்லைஸ், சொந்தமாக எதுவும் வைத்துக்கொள்ளாது. முதல் இரண்டில் எதன்மீது வேண்டுமானாலும் திறக்கும் ஜன்னல் அது. விலாசமும் நீளமும் கூடவே வரும். வரிசைப்படுத்தும் நிரலை ஸ்லைஸுக்கு எழுதினால் பத்தும் செல்லும், இருபதும் செல்லும். சி தொலைத்த நீளத்தைத் திருப்பிக் கொடுத்து, பாஸ்கல் போட்ட விலங்கையும் கழற்றியாயிற்று. 2021-இல் வந்த 1.51 பதிப்பு, நீளத்தையே ஒரு மாறியாக வைத்து விதி எழுதவும் இடம் கொடுத்தது.

வெக்கின் ஓர் உறுப்பைக் கைகாட்டி வைத்துக்கொண்டே அதில் புதிதாக ஒன்றைத் தள்ளப் பார்த்தால் ரஸ்ட் விடாது. தள்ளும்போது மூட்டை தூக்க நேரலாம், அப்போது கைகாட்டிய விரல் காலி அறையைக் காட்டும் என்பது கம்பைலருக்குத் தெரியும். ஓடும்போது வெடிப்பதை எழுதும்போதே பிடித்துக் கொடுத்துவிடுகிறது. இனம் பொருந்தாவிட்டால் வரும் பிழைச்செய்தியும் ரசிக்கத் தக்கது. சரியாக அந்த இடத்துக்குக் கீழே கோடு போட்டு, இங்கே எதிர்பார்த்தது இது, வந்திருப்பது இது என்று எழுதும். இதற்கு 0308 என்று ஓர் எண்ணும் உண்டு. பழைய தமிழ் வாத்தியார், மாணவன் எழுதிய வெண்பாவில் விரலை வைத்து, இங்கே நிரை வரணும், நேர் வந்திருக்கு என்று சொல்வாரே, அதே வாக்கியம். வினோத் ராஜன் உருவாக்கிய ‘அவலோகிதம்’ என்ற மென்பொருள் இப்போது அந்த வேலையைச் செய்கிறது. பாட்டைக் கொடுத்தால் அசை, சீர், தளை பிரித்து, எந்தப் பா என்றும் சொல்லிவிடும்.

அர்ரேக்களை ஒட்டுவதைப் பற்றித் தமிழ்நாட்டிலேயே ஆழமாக யோசித்தவர்கள் உண்டு. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970-களில் படங்களுக்கு இலக்கணம் எழுதினார்கள். கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே அர்ரேயும் கோலமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அதற்கு இரண்டு வருடம் முன்பு அவர்கள் வகுத்த முறையில் முதலில் கிடையாக ஒரு வரி பிறக்கும். பிறகு அந்த வரியின் ஒவ்வொரு குறியும் கீழ்நோக்கி ஒரு நெடுவரிசையாக வளரும். எல்லா நெடுவரிசையும் ஒரே சமயத்தில் ஒவ்வொரு படியாக இறங்கவேண்டும், ஒரே படியில் நிற்கவும் வேண்டும். பக்கத்து வரிசை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஒன்று மட்டும் முடித்துக்கொண்டால் அங்கே படம் என்று எதுவும் இல்லை. அந்த வழியே செல்லாது. ஒட்டுவதற்கும் இதே கண்டிப்பு. மூன்று வரி, ஐந்து நெடுவரிசை கொண்ட அர்ரேயோடு, மூன்று வரி, இரண்டு நெடுவரிசை கொண்டதைப் பக்கவாட்டில் ஒட்டலாம். மூன்றுக்கு ஏழு கிடைக்கும். நாலு வரி கொண்டதை ஒட்டமுடியாது. ஓரத்தில் பூஜ்யம் போட்டு நிரப்பிக்கொள்ளலாமே என்று இன்றைய மென்பொருள்காரர் கேட்பார். சிரோமணிகளின் இலக்கணத்தில் அந்தச் சலுகை கிடையாது. காலையில் ஆசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் புள்ளி வைக்கும் பெண்கள் யாரும் இந்தக் கட்டுரையைப் படித்திருக்கமாட்டார்கள். ஆனால் நேர்ப்புள்ளிக் கோலத்தோடு இடைப்புள்ளிக் கோலத்தைச் சேர்த்து இழுக்கச் சொன்னால், சேராது என்று உடனே சொல்வார்கள்.

இனி உபதேசக் கலிவெண்பா. நாலடி வெண்பாவில் முதல் மூன்று அடிக்கு நந்நான்கு சீர், கடைசி அடிக்கு மூன்று, மொத்தம் பதினைந்து. அந்தப் பதினைந்தாவது சீரும் முழுச் சீர் அல்ல. நாள், மலர், காசு, பிறப்பு என்ற நாலு வாய்பாட்டில் ஒன்றாகக் குறுகி நிற்கும். வெண்பா முடிந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். நீளத்தைத் தனியாக எழுதிவைக்க வேண்டியதில்லை, காது கேட்டவுடன் தெரிந்துகொள்ளும். சி மொழியின் எழுத்துச்சரமும் இப்படித்தான் முடிகிறது: கடைசியில் பூஜ்ய மதிப்புள்ள ஒரு பைட். அதற்கு முன்னால் எத்தனை எழுத்து இருக்கிறது என்று எங்கேயும் எழுதியிருக்காது.

இரண்டு சரங்களை ஒட்டுவதற்கு சி-யில் ஸ்டர்கேட் இருக்கிறது. முதல் சரத்தின் இறுதிப் பூஜ்யத்தைத் தேடிப்போய், அதன்மேலேயே இரண்டாவது சரத்தின் முதல் எழுத்தை எழுதும். முடிவு அழிந்து தொடக்கமாகும். போதிய இடம் இருக்கிறதா என்று கேட்காது, பக்கத்தில் இருப்பதன்மேல் எழுதிக்கொண்டே போகும்.

ரமணர் கலிவெண்பாவுக்காகச் செய்ததும் முடிவை அழிப்பதுதான். ஆனால் இடம் பார்த்து, இனம் பார்த்துச் செய்திருக்கிறார். கலிவெண்பாவில் கடைசி அடி தவிர எல்லா அடிக்கும் நாலு சீர் வேண்டும். ஆகவே கடைசியைத் தவிர ஒவ்வொரு வெண்பாவின் இறுதியிலும் குறுகி நின்ற சீரை நீட்டி முழுச் சீராக்கினார். அதற்குப் பிறகு இன்னொரு சீர் சேர்த்தார். ஒவ்வொரு மூட்டிலும் ஏறியது ஒன்றரைச் சீர். கேட்கச் சின்ன வேலைபோலத் தோன்றும். அந்தப் புது நாலாம் சீரின் நிலைமையைப் பாருங்கள். அதற்கு இடப்பக்கம் நீட்டிய மூன்றாம் சீர். வலப்பக்கம் அடுத்த வெண்பாவின் முதல் சீர். வலப்பக்கத்துச் சீர் முன்பே எழுதி முடித்தது, அசைக்கமுடியாதது. அது நேரில் தொடங்கினால் இணைப்புச் சீர் விளமாகவோ காயாகவோ இருந்தாகவேண்டும். நிரையில் தொடங்கினால் மாவாகத்தான் இருக்கமுடியும். இடப்பக்கமோ, குறுஞ்சீரை நீட்டும்போது அது மாவாகிறதா, விளமாகிறதா, காயாகிறதா என்பதைப் பொறுத்து இணைப்புச் சீரின் முதல் அசையை விதிக்கும். தொடக்க அசையை ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, இறுதி இனத்தை மறுபக்கம் பிடித்துக்கொள்ள, நடுவில் கிடைக்கிற கொஞ்ச இடத்தில் ஒரு தமிழ்ச் சொல் உட்காரவேண்டும். இப்படி நாற்பதுக்கு அருகே மூட்டுகள்.

ஏன் இந்தப் பாடு? பாராயணத்துக்காக. தனித்தனி வெண்பாவாக ஓதும்போது ஒன்று முடிந்ததும் அடுத்தது எது என்று நாக்கு தடுமாறும்; வரிசை மாறும்; ஒன்று விட்டும் போகும். கோத்துவிட்டால் ஒன்றின் வால் அடுத்ததை இழுத்துக்கொண்டு வரும். ஒட்டி நிற்பதால் கிடைக்கும் லாபம் அர்ரேயில் வேகம் என்றால், இங்கே அது ஞாபகம்.

தளை பொருந்திவிட்டால் பொருளும் பொருந்திவிடும் என்று எந்த இலக்கணமும் உத்தரவாதம் தருவதில்லை. கம்பைலரும் தருவதில்லை. ஓர் எழுத்தையும் நாலு பைட் எண் ஒன்றையும் சி-யில் ஒரே ஸ்ட்ரக்டில் வைத்தால் ஐந்து பைட் போதும் என்று தோன்றும். பெரும்பாலான இயந்திரங்களில் எட்டு எடுக்கும். நடுவில் உள்ள மூன்று பைட் கம்பைலர் திணித்த நிரப்பு. எண்ணை அதற்குரிய எல்லைக்கோட்டில் உட்கார வைப்பதற்காக. அதில் எந்தத் தகவலும் இல்லை. செய்யுளிலும் இதற்கு வழி இருக்கிறது. ஏ, ஓ, ஆல், மன் என்று அசைநிலைகளை வைத்துக் காலியிடத்தை அடைத்துவிட்டுப் போன புலவர்கள் நிறையப் பேர். ஒன்றரைச் சீர் தேவைப்படும் மூட்டுகளில் யாருக்கும் அந்த ஆசை வரும்.

உபதேசக் கலிவெண்பாவில் அந்த ஒன்றரைச் சீர்கள் நிரப்பாக நிற்கவில்லை. முந்தைய வெண்பாவில் சுருக்கமாகச் சொன்னதற்கு ஓர் அடைமொழியாகவோ, அடுத்ததில் வரப்போவதற்கு ஒரு திறவாகவோ வேலை செய்கின்றன. அதனால்தான் உரை சொல்பவர்கள் அந்தச் சொற்களையும் விடாமல் எடுத்துக்கொண்டு பொருள் பேசுகிறார்கள். வெண்பாவில் ஐயமாக இருந்த இடத்துக்கு இணைப்புச் சொல்லையே சான்றாகக் காட்டுகிறார்கள். ஆசிரமப் புத்தகக்கடையில் ‘உள்ளது நாற்பது’ வாங்குகிறவர்கள் கலிவெண்பாவும் சேர்ந்த பதிப்பாகப் பார்த்து வாங்குவது நல்லது. வெண்பா மட்டும் உள்ள புத்தகத்தில் இந்தச் சொற்கள் இருக்காது.